மூடுமுன் காண வேண்டியவை: வீட்டிலிருந்து வெளிவிளக்குக்கு நிலத்தடி மின்குழாய் பதித்தல்

டிசம்பர் மாதத்தில் ரொறன்ரோ பெரும்பாகத்தில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பின்வளவுப் படிக்கட்டு, பக்கவாசற்கதவு, குப்பைத்தொட்டி வைக்கும் மூலை ஆகியவை இருளில் மூழ்குகின்றன. அங்கே பனி உறைந்திருந்தால், ஓர் அடி தவறினாலும் முதியவர்க்கு இடுப்பெலும்பு முறியக்கூடும். எனவே வளவின் தொலைவிலுள்ள மூலையில் ஒரு விளக்கு நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் பல வீடுகளில் எழுவது இயல்பே. நீட்டிப்புக் கம்பியைப் பனியின் கீழ் மாதக்கணக்கில் கிடத்துவது ஆபத்தானது. நிலத்தின் கீழ் குழாய் பதித்து, அதனூடாக மின்கம்பியைக் கொண்டுசெல்வதே நிலையான வழி.

இப்பணி பார்வைக்கு எளியது: ஓர் அகழி, ஒரு குழாய், சில கம்பிகள், ஒரு விளக்கு. ஆயினும் வீட்டினுள் செய்யப்படும் மின்பணிக்கும் இதற்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. வீட்டினுள் ஓர் இணைப்புப் பிழையானால், பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். நிலத்தின் கீழ் செய்த பிழை, மண் மூடிய கணத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படாது. பல ஆண்டுகள் கழித்து வேறொருவருடைய மண்வெட்டி அதைத் தொடும்போதுதான் அது வெளிப்படும். ஆகையால்தான் ஒன்ராறியோவின் சட்டங்களும் விதிகளும் இப்பணிக்குரிய மூன்று கடமைகளையும் மண் மூடுவதற்கு முன்னரே வைத்துள்ளன: தோண்டுமுன் கேட்டல், பணிக்குமுன் அறிவித்தல், மூடுமுன் பரிசோதிப்பித்தல். இம்மூன்றும் எவ்வாறு நிறைவேற்றப்பட வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டு வீட்டின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

எடுத்துக்காட்டு வீடு

புறநகர்ப் பகுதியில் உள்ள ஒரு தனிவீடு. பின்சுவரிலிருந்து வேலிக் கதவு வரை 20 மீற்றர் தூரம். வீட்டிலுள்ள மூதாட்டி நாள்தோறும் மாலையில் அவ்வழியே நடக்கிறார். வேலிக் கதவருகே ஒரு விளக்குக் கம்பமும், அக்கம்பத்தில் ஒரு மின்செருகு வாயும் அமைக்கக் குடும்பம் தீர்மானிக்கிறது. வீட்டுக்காரரின் மைத்துனர் தொழிற்சாலையொன்றில் வேலை செய்யும் தகுதிபெற்ற எலெக்ட்ரீசியன். ஒரு சனிக்கிழமையில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்றும், செலவுக்கு ஒரு தொகை தந்தால் போதும் என்றும் அவர் கூறுகிறார். அவருடைய திறமையில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு முன் செய்ய வேண்டியவை சில உள.

முதற்கடமை: தோண்டுமுன் கேட்டல்

ஒன்ராறியோவில் எவர் நிலத்தைத் தோண்டினாலும், அது சொந்த வளவாயினும், நிலத்தடியில் உள்ள குழாய்களும் கம்பிகளும் எங்கே செல்கின்றன என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். இதற்கென 2012ஆம் ஆண்டில் ஒன்ராறியோ நிலத்தடி உட்கட்டமைப்பு அறிவித்தல் முறைமைச் சட்டம் இயற்றப்பட்டது. 'ஒன்ராறியோ வன் கோல்' என்னும் அமைப்பு இக்கோரிக்கைகளைப் பெற்று, அவ்விடத்தில் உடைமைகளைக் கொண்ட எரிவாயு, மின்சார, தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் ஏனைய உறுப்பினர்களுக்கும் அறிவிக்கிறது. தொலைபேசி எண் 1-800-400-2255. இணையவழியாகவும் கோரலாம். இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. தோண்டுவதற்குக் குறைந்தது 5 வேலை நாட்களுக்கு முன்னர் கோரிக்கையை அளித்தல் வேண்டும்.

கோரிக்கை கிடைத்ததும், ஒவ்வொரு நிறுவனமும் இரண்டில் ஒன்றைச் செய்யும். தன் உடைமை அங்கே இல்லையெனில் அதை எழுத்தில் தெரிவிக்கும். இருந்தால், தரையில் வண்ணப்பூச்சாலோ சிறு கொடிகளாலோ வழித்தடத்தைக் குறித்து, அதற்குரிய வரைபடத்தையும் அளிக்கும். வண்ணங்கள் பொதுவாக ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. சிவப்பு மின்சாரம்; மஞ்சள் எரிவாயு; செம்மஞ்சள் தொலைபேசி, இணையம் முதலிய தொடர்பாடல்; நீலம் குடிநீர்; பச்சை கழிவுநீர். வெள்ளை என்பது தோண்டவிருக்கும் இடத்தை உரிமையாளரே குறிக்கும் நிறம்.

இங்கே நான்கு செய்திகளை மறத்தலாகாது.

முதலாவது, எல்லா உறுப்பினர்களின் மறுமொழியும் வந்துசேர வேண்டும். மஞ்சட்கொடி நட்டாயிற்று என்பதால் மின்சார நிறுவனமும் பார்த்துவிட்டது எனக் கொள்ளக் கூடாது. கோரிக்கையின்போது கிடைக்கும் உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு, மறுமொழி வந்தவர்களை ஒவ்வொருவராகக் குறித்துவர வேண்டும். ஐந்து நாள் கடந்துவிட்டது என்பது மட்டும் தோண்டுவதற்கு அனுமதி ஆகாது.

இரண்டாவது, குறியீடு வழித்தடத்தைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. குறியின் இருபுறமும் 1 மீற்றர் வரை இயந்திரத்தால் தோண்டாமல், கையால் மெல்லத் தோண்ட வேண்டும்.

மூன்றாவது, கோரிக்கையில் அகழியை மட்டுமன்றி விளக்குக் கம்பத்தின் குழியையும் சேர்க்க வேண்டும். இப்பகுதியில் உறைபனி எட்டும் ஆழமாகக் கட்டுமானத்தில் வழமையாகக் கொள்ளப்படுவது 1.2 மீற்றர். கம்பத்தின் அடித்தளம் பனியால் மேலெழும்பாதிருக்க அந்த ஆழம்வரை இறங்க வேண்டியிருக்கும். அகழியோ அதன் பாதி அளவே. அதாவது இப்பணியில் மிக ஆழமாகச் செல்லும் இடம், பலர் எண்ணிப் பார்க்காத அந்தக் கம்பக்குழியே.

நான்காவது மிக முக்கியமானது. பொது நிறுவனங்கள் தங்கள் உடைமையை மட்டுமே குறிக்கும். பொதுவாக அவற்றின் பொறுப்பு மின்மானியோடு அல்லது எரிவாயுமானியோடு முடிவடைகிறது. அதற்கப்பால் வீட்டுக்காரரோ முன்னைய உரிமையாளரோ போட்ட குழாய்களும் கம்பிகளும் தனியார் உடைமை. பார்பிக்கியூ அடுப்புக்குச் செல்லும் எரிவாயுக் குழாய், நீச்சற்குளச் சூடாக்கிக்கான குழாய், கராஜுக்குச் செல்லும் மின்கம்பி, புல்வெளி நீர்ப்பாய்ச்சும் குழாய் என்பன இவ்வகையின. இவற்றைக் கண்டறியக் கட்டணம் பெறும் தனியார் இடங்குறிப்பாளரை அமர்த்த வேண்டும்.

எடுத்துக்காட்டு வீட்டில் பின்தளத்தருகே ஒரு எரிவாயு அடுப்பு நிற்கிறது. அது முன்னைய உரிமையாளர் அமைத்தது. மஞ்சட்குறி வீட்டின் பக்கச்சுவரிலுள்ள மானியோடு நின்றுவிட்டது. அதைக் கண்டு பின்வளவில் எரிவாயுவே இல்லை என்று முடிவுசெய்திருந்தால், மைத்துனரின் மண்வெட்டி நேராக அந்தக் குழாயின்மீதே இறங்கியிருக்கும். அடுப்பு இருக்கிறது, ஆனால் குறி இல்லை என்னும் முரண்பாட்டைக் கவனித்ததே அக்குடும்பத்தைக் காத்தது. தனியார் இடங்குறிப்பாளர் அழைக்கப்பட்டார். குழாய் அகழியின் வழியைக் குறுக்கே வெட்டிச் செல்வது தெரியவந்தது. அகழியின் பாதை மாற்றப்பட்டது.

எவ்வளவு கவனமாயிருந்தும் எரிவாயுக் குழாய் சேதமுற்றால், எல்லோரும் உடனே விலகிச் செல்ல வேண்டும். அவ்விடத்தில் தீயோ சுவிட்சோ கைத்தொலைபேசியோ பயன்படுத்தலாகாது. பாதுகாப்பான தூரத்திலிருந்து 911ஐ அழைக்க வேண்டும். குழாயின் மேற்பூச்சில் ஒரு கீறல் மட்டுமே விழுந்திருந்தாலும், அதை அறிவிக்காமல் மண்ணிட்டு மூடுவது தவறு. கீறல் விழுந்த இடத்தில் காலப்போக்கில் துரு ஏறக்கூடும்.

நகராட்சியின் நிலமும் மரங்களும்

முன்வளவில் தோண்டுவோர் இன்னொன்றையும் நோக்க வேண்டும். வீதியோரப் புல்வெளியின் ஒரு பகுதி, வீட்டுக்காரர் அதைப் பராமரித்துவந்தாலும், பெரும்பாலும் நகராட்சிக்கு உரிய வீதி ஒதுக்கீட்டு நிலமாகும். நகராட்சியின் அனுமதியின்றி அங்கே குழாய் பதிக்கலாகாது. காணி எல்லை எதுவென்று அளவைப் படத்தில் பார்த்துக்கொள்வது நலம்.

மரவேர்களும் அவ்வாறே. ரொறன்ரோ நகரில், தனியார் நிலத்திலுள்ள மரமாயினும், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது அடிமரத்தின் விட்டம் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்டிருப்பின், அதை வெட்டுவதற்கும் சேதப்படுத்துவதற்கும் அனுமதி வேண்டும். நகராட்சியின் மரம் எந்த அளவினதாயினும் பாதுகாக்கப்பட்டது. வேரை வெட்டுவதும் மரத்தைச் சேதப்படுத்துவதே. ஏனைய நகராட்சிகளின் விதிகள் வேறுபடும். தோண்டுமுன் தத்தம் நகராட்சியிடம் கேட்டறிக.

இரண்டாங்கடமை: பணிக்குமுன் அறிவித்தல்

வீடு கட்டுவதற்கான அனுமதியை நகராட்சி வழங்குகிறது. மின்பணிக்கான அனுமதியை அது வழங்குவதில்லை. ஒன்ராறியோவில் அப்பொறுப்பு மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் உள்ளது. அதன் தொலைபேசி எண் 1-877-372-7233. வெளிவிளக்குக்குப் புதிதாக ஒரு மின்சுற்று இழுப்பது அந்த அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டிய பணியாகும். 'பெர்மிற்' என்று மக்கள் வழங்குவது இந்த அறிவித்தலையே.

இப்பணியைச் செய்யத் தக்கவர் எவர் என்பதில் குடியிருப்பாளரிடையே பெருங்குழப்பம் நிலவுகிறது. ஒன்ராறியோ ஒழுங்குவிதி 570/05இன் சாரத்தைப் பின்வருமாறு கூறலாம்.

வீட்டின் உரிமையாளர், தாம் வசிக்கும் வீட்டில், தம் கையாலேயே மின்பணி செய்யலாம். அறிவித்தலை அவரே பதிவுசெய்து, பரிசோதனைக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். கோவையின் விதிகள் அவரையும் முழுமையாகக் கட்டுப்படுத்தும்.

வேறொருவருக்குப் பணம் கொடுத்துச் செய்விப்பதாயின், அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருத்தல் வேண்டும். எலெக்ட்ரீசியனுக்குரிய தகுதிச் சான்றிதழும் ஒப்பந்தக்காரருக்குரிய உரிமமும் ஒன்றல்ல. முன்னது ஒருவர் அத்தொழிலைக் கற்றுத் தேர்ந்தவர் என்பதற்குச் சான்று. பின்னது பொதுமக்களோடு ஒப்பந்தம் செய்து மின்பணி நடத்தும் நிறுவனத்துக்கு உரியது. எடுத்துக்காட்டு வீட்டின் மைத்துனரிடம் முன்னது உண்டு, பின்னது இல்லை. எனவே கூலி பெற்று அவ்வீட்டில் பணி செய்ய அவருக்கு இடமில்லை. பொதுவான திருத்தவேலைக்காரர் எனத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வோருக்கும் இதுவே பொருந்தும்.

உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரருக்கு ஓர் உரிம எண் உண்டு. மதிப்பீட்டுத் தாளில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, அதிகாரசபையின் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அறிவித்தலைப் பதிவுசெய்வது ஒப்பந்தக்காரரின் கடமை. "பெர்மிற்றை உங்கள் பெயரில் எடுங்கள், செலவு குறையும்" என்று ஒருவர் கூறினால், அவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்ளுதல் நன்று. அவ்வாறு எடுத்தால், பணியைத் தாமே செய்ததாக உரிமையாளர் பொறுப்பேற்கிறார். பிழை நேர்ந்தால் சட்டத்தின் கண்முன் நிற்பவரும் அவரே. பின்னொரு நாள் தீவிபத்து இழப்பீடு கோரும்போது காப்புறுதி நிறுவனமும், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சட்டத்தரணியும் இதே கேள்வியை எழுப்பக்கூடும்.

உறவினரின் உதவியை மறுப்பது சங்கடமே. ஆயினும் அக்குடும்பம் ஒரு நடுவழியைக் கண்டது. அகழி வெட்டுதல், மண் அள்ளுதல், மணல் பரப்புதல் ஆகியவை மின்பணி அல்ல. அவற்றை வீட்டாரும் உறவினரும் சேர்ந்து செய்தனர். குழாய் பதித்தல், கம்பி இழுத்தல், பிரேக்கர் பெட்டியில் இணைத்தல் ஆகியவை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டன. அகழியின் ஆழத்தையும் வழியையும் முன்கூட்டியே ஒப்பந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டதால், வெட்டிய அகழியை மீண்டும் வெட்ட நேரவில்லை.

உரிமையாளர் தாமே செய்யத் துணிந்தாலும், பிரேக்கர் பெட்டியில் இணைக்கும் கட்டத்தையேனும் ஒப்பந்தக்காரரிடம் விடுவது அறிவுடைமை. முதன்மைப் பிரேக்கரை அணைத்த பின்னரும், வீதியிலிருந்து வந்து அதில் சேரும் தடித்த கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்.

ஆழம்: எங்கிருந்து அளப்பது?

ஒன்ராறியோ மின்சாரப் பாதுகாப்புக் கோவை, நிலத்தடிக் கம்பிகளின்மேல் இருக்க வேண்டிய ஆகக்குறைந்த மண்மூடலை வகுத்துள்ளது. வீட்டின் சாதாரண மின்சுற்றுகளுக்கு அது வருமாறு.

வாகனம் செல்லாத இடத்தில், குழாயினுள் செல்லும் கம்பிக்கு 450 மில்லிமீற்றர். உலோகக் கவசமின்றி நேரே மண்ணில் புதைக்கப்படும் கேபிளுக்கு 600 மில்லிமீற்றர்.

வாகனப் பாதையின் கீழ், குழாய்க்கு 600 மில்லிமீற்றர்; கவசமற்ற கேபிளுக்கு 900 மில்லிமீற்றர்.

இவ்வளவு குழாயின் மேற்பக்கத்திலிருந்து, முடிவுற்ற நிலமட்டம் வரை எடுக்கப்படுவது. அகழியின் அடித்தளத்திலிருந்து அன்று. பலர் தவறுவது இங்கேதான். எடுத்துக்காட்டு வீட்டின் மண் கல் நிறைந்தது. ஆகவே குழாயின் அடியில் 75 மில்லிமீற்றர் மணல் பரப்பத் திட்டமிட்டனர். முக்கால் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 27 மில்லிமீற்றர். கூட்டிப் பார்த்தால் 450 + 27 + 75 = 552. அதாவது, அகழி 55 சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட வேண்டும். 45 சென்ரிமீற்றர் மட்டும் வெட்டியிருந்தால், மேல்மூடல் 35 சென்ரிமீற்றராகச் சுருங்கி, பரிசோதனையில் தவறியிருக்கும். மேலும், பூப்பாத்தி அமைப்பதற்காகப் பின்னர் நிலமட்டத்தைத் தாழ்த்தும் எண்ணமிருந்தால், அந்தத் தாழ்ந்த மட்டத்திலிருந்தே அளக்க வேண்டும்.

குழாயும் கம்பியும்

மின்கம்பிக்குரிய உறுதியான பிவிசி குழாய் சாம்பல் நிறமானது. அதில் அங்கீகரிக்கப்பட்ட சான்றுக்குறி பொறிக்கப்பட்டிருக்கும். நீர்க்குழாயாகப் பயன்படும் வெள்ளைப் பிவிசி, விலை குறைந்ததாயினும் இதற்கு ஆகாது.

இரு இழுபெட்டிகளுக்கிடையே குழாயின் வளைவுகள் நான்கு செங்கோண வளைவுகளுக்குச் சமமான அளவை மீறக் கூடாது. சுவரிலிருந்து இறங்கும்போது ஒன்று, கம்பத்தில் ஏறும்போது ஒன்று என இரண்டு வளைவுகள் ஏற்கெனவே போய்விடும். வழியில் மரத்தையோ எரிவாயுக் குழாயையோ சுற்றிச் செல்ல எஞ்சியிருப்பவை இரண்டே.

குழாய்க்குள் கம்பி நனையாது என்று கருதுவது இன்னொரு பரவலான பிழை. நிலத்தடிக் குழாயின் உட்புறம் ஈரமான இடமாகவே கொள்ளப்படும். வெப்பநிலை மாற்றத்தால் அதனுள் நீர் துளிக்கும். வீட்டுச் சுவர்களுக்குள் இழுக்கப்படும் என்.எம்.டி. 90 கேபிளின் உட்பகுதியில் கடதாசி உண்டு. அது நீரை உறிஞ்சும். எனவே அதை நிலத்தடிக் குழாயில் இழுக்கக் கூடாது. ஈரமான இடத்துக்கெனச் சான்று பெற்ற ஆர்.டபிள்யூ. 90 போன்ற கம்பிகளையோ, என்.எம்.டபிள்யூ.யூ. கேபிளையோ பயன்படுத்த வேண்டும். கடையில் இவை அருகருகே தொங்கும். உறையில் அச்சிட்ட எழுத்துகளை வாசித்தே வாங்க வேண்டும். பிணைப்புக் கம்பியும் உடன் செல்ல வேண்டும். மழைபடும் இடத்தில் நிறுத்தும் விளக்கு, ஈரமான இடத்துக்கு உகந்தது என்ற குறிப்பைத் தாங்கியிருக்க வேண்டும். ஈரப்பதம் மட்டுமே தாங்கும் விளக்குகள் கூரையடிக்கு உரியவை.

கம்பியின் தடிப்பைத் தீர்மானிக்கும்போது எதிர்காலத்தையும் எண்ண வேண்டும். 30 வாற் எல்.ஈ.டி. விளக்கு 120 வோல்ற்றில் இழுப்பது கால் அம்பியர் மட்டுமே. 20 மீற்றர் தூரத்துக்குப் போகவும் வரவும் 40 மீற்றர் கம்பி. 14ஆம் இலக்கச் செப்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.33 ஓம், மின்னழுத்த இழப்பு 0.08 வோல்ற். இது பொருட்டன்று. ஆனால் அதே கம்பத்தின் செருகு வாயில் ஒருநாள் 12 அம்பியர் இழுக்கும் சூடாக்கியை மாட்டினால், இழப்பு 4 வோல்ற், அதாவது 3.3 விழுக்காடு. கிளைச்சுற்றுக்குக் கோவை வகுக்கும் எல்லை 3 விழுக்காடு. 12ஆம் இலக்கக் கம்பியாயின் இழப்பு ஏறத்தாழ 2.5 வோல்ற், 2.1 விழுக்காடு. இக்கணக்கு வெளிப்பகுதிக்கு மட்டுமே. பிரேக்கர் பெட்டியிலிருந்து பின்சுவர் வரையுள்ள தூரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மண்ணை இரண்டாம் முறை தோண்டுவதைவிடச் சற்றுத் தடித்த கம்பியை முதலிலேயே இழுப்பது மலிவு.

உறைபனியின் இழுப்பு

குழாய் கிடப்பது 45 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கீழே, உறைபனியோ 1.2 மீற்றர் வரை எட்டக்கூடியது. ஆகவே குளிர்காலத்தில் குழாயைச் சுற்றியுள்ள மண் உறைந்து மேலெழும். இளவேனிலில் மீண்டும் அமரும். வீட்டுச் சுவர் அசையாது. அசையும் மண்ணிலிருந்து அசையாத சுவருக்குக் குழாய் ஏறும் இடத்தில் அழுத்தம் சேர்ந்து, பெட்டி பிடுங்கப்படலாம், இணைப்பு பிளக்கலாம். அவ்விடத்தில் நீண்டு சுருங்கும் இணைப்புத் துண்டு ஒன்றைப் பொருத்துவதும், பெட்டிக்குள் கம்பியைச் சற்றுத் தளர்வாக விடுவதும் இதற்குத் தீர்வு. புதிதாக நிரப்பிய மண் முதலாண்டில் தாழும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். குழாய் வீட்டினுள் நுழையும் வாயை அடைப்புப் பசையால் மூடாவிட்டால், குளிர்காற்றும் நீரும் அதன் வழியே உள்ளே வரும்.

பிரேக்கர் எதைக் காக்கிறது?

15 அம்பியர் பிரேக்கர், கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காக்கிறது. மனிதரைக் காப்பது அதன் வேலையன்று. ஏ வகுப்பு ஜி.எஃப்.சி.ஐ. கருவி ஏறத்தாழ 6 மில்லிஅம்பியர் மின்கசிவை உணர்ந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும். 15 அம்பியர் என்பது 15,000 மில்லிஅம்பியர். அதாவது, அந்தக் கசிவைப் போல் 2,500 மடங்கு. ஈரமண்ணில் நிற்கும் ஒருவரின் உடல் வழியே பாயும் மின்சாரத்தைப் பிரேக்கர் கவனிக்கவே மாட்டாது. நிலமட்டத்திலிருந்து 2.5 மீற்றருக்குள் அமையும் வெளிப்புறச் செருகு வாய்களுக்கு இக்காப்பு கட்டாயமானது. மண்ணுக்குள் செல்லும் சுற்று முழுவதையும் அதன் காப்பின் கீழ்க் கொண்டுவருவது மேலும் நன்று.

மூன்றாங்கடமை: மூடுமுன் பரிசோதிப்பித்தல்

குழாய் பதித்தாயிற்று, கம்பி இழுத்தாயிற்று. இப்போது மண்ணை இட்டு மூடிவிட மனம் உந்தும். வானம் இருண்டுவருகிறது, அகழியில் பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள், அயலவர் என்ன நினைப்பார் என்று காரணங்கள் எழும். எனினும் மூடுவதற்கு அனுமதி கிடைக்கும்வரை அகழி திறந்தே இருக்க வேண்டும். ஆழம் போதுமா, மணல் உண்டா, குழாய் சரியானதா என்பவற்றைப் பரிசோதகர் கண்ணால் காண்பதற்கான ஒரே வாய்ப்பு அதுவே. மூடிவிட்டால், மீண்டும் தோண்டிக் காட்டுமாறு கேட்கப்படலாம். பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பலகையும் தடுப்பு நாடாவும் வைக்கலாம். அவசரத்துக்கு மண்ணை வைக்கக் கூடாது.

அனுமதி கிடைத்தபின், முதலில் கல்லற்ற மணலையோ மென்மண்ணையோ இட வேண்டும். குழாய்க்கும் நிலமட்டத்துக்கும் ஏறத்தாழ நடுவில் எச்சரிக்கை நாடாவை விரிக்க வேண்டும். பின்னாளில் தோண்டுபவரின் மண்வெட்டி குழாயைத் தொடுமுன் நாடாவைத் தொடும். அதன்மேல் எஞ்சிய மண்ணை இட்டு அமர்த்த வேண்டும். விளக்கை அயல்வீட்டுச் சாளரத்தை நோக்கித் திருப்பாமல், நிலத்தை நோக்கிக் கவிழ்த்துப் பொருத்துவது நல்லயலவரின் இயல்பு. பணி நிறைவுற்றதும் அதிகாரசபையின் சான்றிதழைப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும்.

எஞ்சியிருக்கும் ஒரு தாள்

எடுத்துக்காட்டு வீட்டில் மூன்று கடமைகளும் நிறைவேறின. விளக்கு எரிகிறது. இனி எவ்வேலையும் இல்லை எனத் தோன்றும். ஆனால் அக்குடும்பம் இப்போது முன்னைய உரிமையாளர் நின்ற அதே இடத்தில் நிற்கிறது. அவர் புதைத்த எரிவாயுக் குழாயைப் பொது இடங்குறிப்பாளர் எவரும் குறிக்கவில்லை. இவர்கள் புதைத்த மின்குழாயையும் எவரும் குறிக்கப்போவதில்லை. மின்மானிக்கு அப்பாலிருப்பதால், அது தனியார் உடைமை. பத்தாண்டுகள் கழித்து வேலி நடவரும் ஒருவர் ஒன்ராறியோ வன் கோலை முறையாக அழைத்தாலும், இந்த 20 மீற்றர் வழித்தடம் அவருக்குத் தெரியவராது.

ஆகவே அகழி திறந்திருக்கும்போதே ஓர் எளிய வரைபடம் வரைய வேண்டும். வீட்டின் இரு மூலைகளிலிருந்து குழாயின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுத வேண்டும். வேலி மாறலாம், மரம் சாயலாம்; வீட்டின் மூலை மாறாது. அளவுநாடாவை அகழியில் வைத்து நாலைந்து ஒளிப்படங்கள் எடுக்க வேண்டும். எரிவாயுக் குழாய் குறுக்கிடும் இடத்தையும் அதே தாளில் குறிக்க வேண்டும். ஒரு படியைப் பிரேக்கர் பெட்டியின் கதவுக்குள் ஒட்டி வைக்கலாம். மற்றொன்றைச் சான்றிதழோடும் உரிம எண்ணோடும் வீட்டு உறுதியுடன் சேர்த்து வைக்கலாம். வீடு கைமாறும் நாளில் சாவியோடு அந்த உறையும் கைமாற வேண்டும்.

வழமையாக எழும் இரு கேள்விகள்

12 வோல்ற் தோட்ட விளக்குக்கும் இவையெல்லாம் வேண்டுமா? மின்னழுத்தம் குறைந்தாலும் மண்ணைத் தோண்டுவது தோண்டுவதே. ஆகவே இடங்குறிப்புக் கோருவது அவசியம். அறிவித்தல் தேவையா என்பதை, பொருளை வாங்குவதற்கு முன் மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் கேட்டறிக. கம்பியோ அகழியோ வேண்டாத சூரியஒளி விளக்கு உண்டு. ஆனால் பகல் குறுகிய டிசம்பரில், அதன் தகடு பனியால் மூடப்பட்டிருந்தால், தேவைப்படும் இரவில் அது மங்கிப்போகலாம்.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் என்ன செய்யலாம்? ரொறன்ரோ நகரில் 311ஐ அழைப்போர் தமிழ் மொழிபெயர்ப்பு உதவியைக் கேட்டுப் பெறலாம். நகராட்சி நிலம், மரம் ஆகியவை பற்றிய கேள்விகளை அங்கே கேட்கலாம். ஒன்ராறியோ வன் கோலுக்கு அழைக்கையில் வீட்டு முகவரி, அண்மையிலுள்ள குறுக்குத்தெரு, தோண்டும் இடம், ஆழம், நோக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டால், பிள்ளைகளோ அயலவரோ எளிதாக உதவ முடியும்.